படுக்கைக்கு உரிமம்: பாறசாலை – நெய்யாற்றின்கரை எல்லைக் கிராமங்களில் கூட்டு உறைவிடங்களும் உள்ளாட்சி விதிகளும்

உறவுமுறை ஏதும் இல்லாத பலர், தமக்கென ஒரு படுக்கையோ ஓர் அறையோ மட்டும் கொண்டு, அடுப்படி, குளியலறை, கிணற்றடி ஆகியவற்றைப் பொதுவில் வைத்து, மாத வாடகை கொடுத்து ஒரே கூரையின்கீழ் வாழும் ஏற்பாடு கூட்டு உறைவிடம் எனப்படும். பெருநகரங்களில் இதற்குக் கோ-லிவிங் என்று புதுப்பெயர் சூட்டி விளம்பரம் செய்கிறார்கள், மாணவர்கள் பி.ஜி. என்கிறார்கள்; கட்டுமான மேஸ்திரிகள் கேம்ப் என்கிறார்கள். பெயர் எதுவானாலும், ஒரு வீட்டில் எத்தனை பேர் படுக்கலாம், அவர்களுக்கு எத்தனை கழிப்பறை வேண்டும், நள்ளிரவில் தீப்பிடித்தால் எந்த வாசல் திறந்திருக்க வேண்டும், இவற்றையெல்லாம் யார் வந்து பார்க்க வேண்டும் என்பவை உள்ளாட்சி அமைப்பு விடை சொல்லவேண்டிய கேள்விகள். திருவனந்தபுரம் மாவட்டத்தின் தெற்கு ஓரத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிக் கிடக்கும் பாறசாலை, காரோடு, செங்கல், குளத்தூர், கொல்லயில், குன்னத்துகால், வெள்ளறடை ஆகிய ஊராட்சிகளிலும் நெய்யாற்றின்கரை நகராட்சியிலும் இக்கேள்விகள் இரு மாநிலச் சட்டங்களுக்கு நடுவே நிற்கின்றன என்பதால், சட்டத்தின் குறைபாடுகள் வேறெந்த இடத்தையும் விட இங்கே துலக்கமாகத் தெரிகின்றன.

இந்த எல்லை பழையதன்று. 1956 நவம்பர் 1ஆம் நாள் வரை நெய்யாற்றின்கரையும் விளவங்கோடும் ஒரே அரசின் கீழ் இருந்த அண்டைத் தாலுகாக்கள். திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் நெய்யாற்றின்கரையையும் தன் கோரிக்கையில் சேர்த்திருந்தது. ஆயினும் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கும் செங்கோட்டையின் ஒரு பகுதியும் மட்டுமே சென்னை மாநிலத்துக்கு வந்தன. 1957இல் இயற்றப்பட்ட, மாற்றப்பட்ட நிலப்பகுதிக்கான சட்ட விரிவாக்கச் சட்டம் சென்னை மாநிலச் சட்டங்களைக் குமரி மாவட்டத்துக்குக் கொண்டுவந்தது. நெய்யாற்றின்கரையிலோ 1955ஆம் ஆண்டின் திருவிதாங்கூர்–கொச்சிப் பொதுச் சுகாதாரச் சட்டம், 2023ஆம் ஆண்டின் கேரளப் பொதுச் சுகாதாரச் சட்டம் அதன் இடத்தைப் பிடிக்கும் வரை, தொடர்ந்து நடந்தது. ஒரே மண், ஒரே வகை ஓட்டு வீடு, ஒரே தென்னந்தோப்பு. ஆனால் அந்த வீட்டில் வெளியாள் தங்குவதைப் பார்க்கும் சட்டக் கண் அறுபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக இரண்டாகப் பிரிந்திருக்கிறது. களியக்காவிளை பேரூராட்சியிலிருந்து இஞ்சிவிளைக்கு நடந்து வருபவர், அல்லது பனச்சமூட்டுச் சந்தையில் கடைக்குக் கடை தாண்டுபவர், தாம் விதித்தொகுப்பு மாறியிருக்கிறோம் என்பதை உணர்வதற்கு எந்தக் காரணமும் இல்லை.

இங்கே யார் கூட்டாகத் தங்குகிறார்கள் என்று பார்த்தால், மூன்று கூட்டத்தார் தெரிகிறார்கள். முதலாமவர், வட மாநிலங்களிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வந்து கட்டுமானம், ஓட்டல், மர அறுவை, சாலைப் பணி ஆகியவற்றில் சேர்ந்தவர்கள். திருவனந்தபுரத்திலுள்ள குலாட்டி நிதி மற்றும் வரிவிதிப்பு நிறுவனத்தின் 2013ஆம் ஆண்டு ஆய்வு, கேரளத்தில் பிற மாநிலத் தொழிலாளர் ஏறத்தாழ 25 லட்சம் பேர் இருப்பதாக மதிப்பிட்டது. அதன்பின் கழக்கூட்டத்திலிருந்து காரோடு வரையிலான புறவழிச்சாலையும், 2025 மே 2ஆம் நாள் முறைப்படி நாட்டுக்கு அளிக்கப்பட்ட விழிஞ்ஞம் துறைமுகமும் வேலையின் ஒரு பகுதியை நெய்யாற்றின்கரைத் தாலுகாவுக்குள்ளேயே கொண்டுவந்து விட்டன. இரண்டாமவர் மாணவர்களும் இளம் செவிலியரும். குன்னத்துகால் ஊராட்சியிலுள்ள காரக்கோணத்தில், எவரெஸ்ட் மலையேற்றத்தாலும் நெய்யூர் மருத்துவப் பணியாலும் அறியப்பட்ட சாமர்வெல்லின் பெயரைத் தாங்கிய சி.எஸ்.ஐ. மருத்துவக் கல்லூரி இருக்கிறது. எல்லைக்கு அந்தப் பக்கம் மரியகிரியில் மலங்கரைக் கத்தோலிக்கக் கல்லூரி இருக்கிறது. தனுவச்சபுரத்தில் 1960களிலிருந்தே கல்லூரி நடக்கிறது. கல்லூரி விடுதியில் இடம் கிடைக்காதவர்களும், அந்த விடுதியின் கட்டுப்பாட்டை விரும்பாதவர்களும் அக்கம்பக்கத்து வீடுகளின் மாடியறைகளில் தங்குகிறார்கள். மூன்றாமவர், கணக்கெடுப்பில் அதிகம் சிக்காதவர்கள்: தமிழ்நாட்டுப் பக்கத்திலிருந்து வந்து வாரத்தில் ஐந்தாறு நாள் தங்கி, சனிக்கிழமை மாலை ஊர் திரும்பும் கொத்தனார்களும் தச்சர்களும் கடை ஊழியர்களும்.

2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த 1979ஆம் ஆண்டின் மாநிலங்களுக்கிடையே இடம்பெயரும் தொழிலாளர் சட்டத்தின்படி, ஒரு மாநிலத்தில் ஒப்பந்தக்காரர் வழியாகத் திரட்டப்பட்டு மற்றொரு மாநிலத்தில் வேலை செய்தவர் இடம்பெயர் தொழிலாளராகக் கொள்ளப்பட்டார். அவருக்குத் தங்குமிடம் தருவது ஒப்பந்தக்காரரின் கடமையாக இருந்தது. களியக்காவிளையில் ஒரு மேஸ்திரி சேர்த்துக்கொண்டு பாறசாலையில் வேலைக்கு விட்ட கொத்தனாரும், கூலிக்காரர் எண்ணிக்கை ஐந்தை எட்டிவிட்டால், வங்காளத்திலிருந்து வந்தவரைப் போலவே இச்சட்டத்தின் வரையறைக்குள் வந்துவிட்டார். சட்டம் இயற்றியவர்கள் நினைத்துப் பார்த்திராத இந்த வேடிக்கையை எந்தத் தொழிலாளர் அலுவலரும் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கவும் இல்லை.

தங்குவோர் இவ்வாறிருக்க, தங்க இடம் எங்கிருந்து வருகிறது? 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கேரளத்தின் வீடுகளில் ஏறத்தாழ பத்தில் ஒன்று ஆளில்லாமல் பூட்டிக் கிடந்தது. வளைகுடாவுக்கோ வேறு நாட்டுக்கோ போனவர்கள் கட்டிய வீடு, பிள்ளைகள் நகரத்தில் குடியேறியபின் முதியவர் ஒருவர் மட்டும் கீழே இருக்கும் இரண்டு மாடி வீடு, பாகப்பிரிவினை முடியாமல் நிற்கும் தறவாட்டு வீடு ஆகியவையே எல்லைக் கிராமங்களின் கூட்டு உறைவிடங்களாக மாறுகின்றன. இதற்கெனக் கட்டப்பட்ட கட்டடங்கள் சொற்பம்; ஆனால் விதிகள் முழுவதும் இதற்கெனப் புதிதாகக் கட்டப்படும் கட்டடத்தை மனத்தில் வைத்தே எழுதப்பட்டிருக்கின்றன. இந்த இடைவெளியில்தான் சிக்கல் முழுவதும் அடங்கியிருக்கிறது.

கேரளத்தில் ஊராட்சிகளுக்கு 2019ஆம் ஆண்டின் கேரள ஊராட்சிக் கட்டட விதிகளும், நெய்யாற்றின்கரை போன்ற நகராட்சிகளுக்கு அதே ஆண்டின் நகராட்சிக் கட்டட விதிகளும் பொருந்தும். இவ்விதிகள் கட்டடங்களைப் பயன்பாட்டு வகைகளாகப் பிரிக்கின்றன. பயன்பாட்டு வகை என்பது ஒரு கட்டடம் எதற்காக ஆளப்படுகிறது என்பதை அடிப்படையாகக் கொண்ட பாகுபாடு. குடும்பங்கள் வாழும் வீடும் அடுக்ககமும் ஏ-1. தங்கும் விடுதி, மாணவர் விடுதி, படுக்கைக் கூடம், ஓட்டல் போன்றவை ஏ-2. ஒரு வகையிலிருந்து மற்றொரு வகைக்கு மாற்ற வேண்டுமானால், சுவரில் ஒரு செங்கலைக்கூட அசைக்காவிட்டாலும், ஊராட்சியின் அனுமதி வேண்டும். ஏ-2 ஆனதும் வாகன நிறுத்தம், அணுகுசாலையின் அகலம், மாற்றுத்திறனாளிகளுக்கான வசதி, கழிப்பறை எண்ணிக்கை, தீத்தடுப்பு ஆகியவற்றுக்கான அளவுகோல்கள் மாறுகின்றன. பத்தடி அகல ஊர்வழியில், மதிலை ஒட்டி இருபது ஆண்டுகளுக்கு முன் கட்டிய வீட்டின் உரிமையாளர் இவற்றில் சிலவற்றை எவ்வளவு செலவு செய்தாலும் நிறைவேற்ற இயலாது. சாலையை அவரால் அகலப்படுத்த முடியாது.

இது முதல் கதவு. இரண்டாவது கதவு தொழில் உரிமம். 1994ஆம் ஆண்டின் கேரள ஊராட்சி ராஜ் சட்டமும் கேரள நகராட்சிச் சட்டமும், அக்கம்பக்கத்துக்கு ஆபத்தோ தொல்லையோ தரக்கூடிய தொழில்களுக்கு உள்ளாட்சியின் உரிமம் வேண்டும் என்கின்றன. வணிக நோக்கில் நடத்தும் விடுதியும் அதன் சமையற்கூடமும் இந்த வழியாகத்தான் வருகின்றன. உரிமம் கேட்டுப் போகும்போது அலுவலகம் முதலில் பார்ப்பது கட்டட எண் எந்த வகையில் கொடுக்கப்பட்டது என்பதை. ஏ-1 என்றிருந்தால் உரிம விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடுகிறது. மூன்றாவதாக, சொத்துவரியின் வீதமும் மின்கட்டணத்தின் வகையும் மாறக்கூடும். ஆக, நான்கு அறைகளை வாடகைக்கு விட்டுச் சிறு வருமானம் பார்க்கும் ஒரு முதிய பெண்மணி, விதியைப் பின்பற்ற முயன்றால் மூன்று இடங்களில் தடை. பின்பற்றாமல் இருந்தால் எந்த இடத்திலும் கேள்வி இல்லை. இந்நிலையில் பதினான்கு பேர் படுக்கும் வீடு ஊராட்சிக் கணினியில் ஒரு குடும்பத்தின் வீடாகவே இருக்கிறது. 2025 ஏப்ரலில் கே-ஸ்மார்ட் என்னும் இணையச் சேவை கிராம ஊராட்சிகளுக்கும் வந்த பிறகு விண்ணப்பங்களின் வேகம் கூடியிருக்கிறது. விண்ணப்பமே வராத ஒன்றைக் கணினி எவ்வாறு அறியும்?

சட்டம் ஆராய்வோர் இங்கே இந்திய தேசியக் கட்டட நெறித்தொகுப்பைத் திரும்பிப் பார்க்கலாம். 2016ஆம் ஆண்டின் அந்தத் தொகுப்பு தங்கும் விடுதியைத் தனி வகையாக்கிவிட்டு, எந்த அறையும் மூவருக்கு மேல் வாடகைக்கு விடப்படவில்லையானால் அந்த வீட்டைச் சாதாரணக் குடியிருப்பாகவே கொள்ளலாம் என்று ஒரு நடுவழி வைக்கிறது. வீட்டின் இயல்பைச் சுவரையும் சாலையையும் கொண்டு அளக்காமல் அறைக்குள் இருக்கும் தலைகளைக் கொண்டு அளக்கும் இந்தச் சிறு விதி, மாநில விதிகளின் பெரும் பட்டியல்களைக் காட்டிலும் எல்லைக் கிராமத்தின் நிலைமைக்கு நெருக்கமாக இருக்கிறது.

எல்லைக்குத் தெற்கே தமிழ்நாடு வேறு வழியில் வந்தது. 2014 ஜூனில் பொள்ளாச்சியில் ஒரு தனியார் விடுதியில் தங்கியிருந்த சிறுமியருக்கு நேர்ந்த கொடுமைக்குப் பின், அவ்வாண்டே மகளிர் மற்றும் குழந்தைகளுக்கான விடுதிகள், இல்லங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் இயற்றப்பட்டது. அதன்படி மாவட்ட ஆட்சியரின் உரிமம் இன்றி மகளிர் விடுதி நடத்தக் கூடாது. களியக்காவிளையிலோ பளுகலிலோ நர்சிங் மாணவியர் ஆறு பேரைத் தங்கவைப்பவர் நாகர்கோவில் வரை கோப்புடன் போக வேண்டும். எல்லைக் கல்லைத் தாண்டிக் குன்னத்துகாலில் அதையே செய்பவருக்கு அத்தகைய தனிச்சட்டம் ஏதும் இல்லை. ஆனால் தமிழ்நாட்டுச் சட்டத்தின் பெயரிலேயே அதன் எல்லையும் இருக்கிறது. ஆண் தொழிலாளர் இருபது பேர் ஒரு கொட்டகையில் படுத்தால் இச்சட்டம் எட்டிப் பார்ப்பதில்லை. ஒரு கொடுமைக்குப் பின் பிறக்கும் சட்டம் அந்தக் கொடுமையின் வடிவத்தையே தன் வடிவமாக எடுத்துக்கொள்வது இந்தியச் சட்ட வரலாற்றில் புதிதன்று.

பேரளவில் தங்குவோருக்கு அரசுகள் ஓரளவு வழி கண்டிருக்கின்றன. 2021 டிசம்பரில் பூந்தமல்லி அருகே ஃபாக்ஸ்கான் ஆலைப் பெண் தொழிலாளர் தங்கிய விடுதியில் உணவு நஞ்சானது. அவர்கள் நெடுஞ்சாலையை மறித்தார்கள். ஆலை பல நாள் மூடப்பட்டது. அதன் தொடர்ச்சியாக வல்லம் வடகாலில் 18,720 படுக்கைகள் கொண்ட குடியிருப்பைச் சிப்காட் கட்டி 2024 ஆகஸ்டில் திறந்தது. கேரள அரசு 2019இல் பாலக்காட்டுக் கஞ்சிக்கோட்டில் அப்னா கர் என்ற பெயரில் 640 பேருக்கான விடுதியைத் திறந்தது. மத்திய அரசு 2020 ஜூலையில் தொடங்கிய வாடகை வீட்டு வளாகத் திட்டத்திலும் படுக்கைக் கூடம் ஒரு வகையாகச் சேர்க்கப்பட்டது. இவையனைத்தும் தொழிற்பேட்டையை ஒட்டிய ஏற்பாடுகள். பாறசாலையில் தொழிற்பேட்டை கிடையாது. இரண்டு கொத்தனார்கள் இங்கே, ஐந்து ஓட்டல் ஊழியர்கள் அங்கே என்று வேலை சிதறிக் கிடப்பதால் தூக்கமும் சிதறியே கிடக்கிறது. இங்கே பெரிய கட்டடம் ஒன்றைக் கட்டித் திறப்பது படம் எடுக்க நன்றாக இருக்கும். வேலைக்குப் போகக் காலை நாலரைக்குப் பஸ் தேட வேண்டியவர் அதில் படுக்க வரமாட்டார்.

அளவுகோல் என்று வரும்போது ஒரு விந்தையான எண் திரும்பத் திரும்ப வருகிறது. இங்கிலாந்தின் 1935ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டம் நெரிசலுக்கு வரம்பு கட்டும்போது, 70 முதல் 90 சதுர அடி வரையுள்ள அறையில் ஒருவர், 110 சதுர அடிக்கு மேல் இருவர் என்று வைத்தது. அதே நாட்டில், பல குடும்பத்தார் பகிரும் வீடுகளுக்கு உரிமம் வழங்க 2018 அக்டோபரில் விரிவாக்கிய விதிகளில் ஒருவருக்கு 6.51 சதுர மீட்டர் என்று இருக்கிறது. அதுவும் 70 சதுர அடிதான். இந்தியாவில் 1979ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் 1980இல் வந்த மத்திய விதிகள், தனியாக வந்த தொழிலாளர் தங்கும் கொட்டகையில் பத்துப் பேருக்கு மேல் கூடாது, ஆளுக்கு 6.5 சதுர மீட்டர் வேண்டும் என்றன. பெங்களூர் மாநகராட்சி 2024இல் பி.ஜி. விடுதிகளுக்கு விதித்ததும் ஆளுக்கு 70 சதுர அடி. தொண்ணூறு ஆண்டுகளாக, ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத ஊர்களில், ஒரே எண்.

இந்த எண் தவறானதன்று. ஆனால் அதை உரிமத்தின் வாசற்படியாக வைத்தால் விளைவது என்ன என்பதைக் கணக்கிட வேண்டும். எல்லைக் கிராமத்தில் பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை என்பது வழக்கமான அளவு. 120 சதுர அடி. இதில் இரண்டு அடுக்குக் கட்டில் போட்டு நால்வர் படுக்கிறார்கள். அறைக்கு மாதம் 4,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் தலைக்கு ஆயிரம். 70 சதுர அடி விதியைக் கண்டிப்பாக நடைமுறைப்படுத்தினால் அந்த அறையில் ஒருவரே தங்கலாம். ஆயிரம் ரூபாய் நாலாயிரமாகும். மற்ற மூவரும் நல்ல வீட்டுக்குப் போவதில்லை. இன்னும் உள்ளே தள்ளிய, யாருக்கும் தெரியாத கொட்டகைக்குப் போகிறார்கள். எனவே தரை அளவைப் படிப்படியாக எட்டவேண்டிய இலக்காக வைத்துவிட்டு, உயிரோடு நேரடியாகத் தொடர்புள்ளவற்றை உடனடி நிபந்தனையாக்குவதே அறிவுடைமை. எத்தனை பேருக்கு ஒரு கழிப்பறை, கழிவுநீர்த் தொட்டி கிணற்றிலிருந்து எவ்வளவு தூரம், சமையல் எரிவாயு உருளை படுக்கும் அறைக்குள் இருக்கிறதா, ஜன்னல் கம்பி திறக்கக்கூடியதா, வெளிக்கதவு இரவில் வெளியிலிருந்து பூட்டப்படுகிறதா என்பவையே அவை. கிணற்றை நம்பியிருக்கும் ஊரில், குடும்பத்துக்கென்று வெட்டிய கழிவுத் தொட்டியைப் பதினான்கு பேர் பயன்படுத்துவதுதான் அக்கம்பக்கத்தாருக்கு மெய்யான ஆபத்து. வெளியூர் ஆட்களின் முகம் அன்று.

நிலப்பயன்பாட்டு மண்டலம் என்னும் கருத்துக்கு இப்போது வரலாம். ஊரின் நிலத்தைக் குடியிருப்பு, வணிகம், தொழில், வேளாண்மை என்று பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் எது கூடும், எது கூடாது என்று விதிப்பது மண்டலமாக்கல். 2016ஆம் ஆண்டின் கேரள நகர, ஊரகத் திட்டமிடல் சட்டத்தின் கீழ் பெருந்திட்டம் உள்ள இடங்களில், எல்லாருக்கும் அனுமதிக்கப்பட்ட பயன்பாடுகள், திட்ட அலுவலரின் இசைவோடு மட்டும் அனுமதிக்கப்படும் கட்டுப்படுத்தப்பட்ட பயன்பாடுகள் என்ற பாகுபாடு வருகிறது. ஆனால் தென்கேரளத்துக் கிராமம் தெருவும் தெருமுனையுமாகக் கட்டிய ஊர் அன்று. ஒவ்வொரு வீடும் தன் புரையிடத்துக்குள், தென்னையும் பலாவும் மரச்சீனியும் சூழ நிற்கிறது. அடுத்த புரையிடத்தில் தையற்கடை, அதற்கடுத்து ரப்பர், அதற்கப்பால் குருசடி. எது குடியிருப்பு மண்டலம், எது வணிக மண்டலம் என்று நிறம் தீட்டும் வரைபடம் இத்தகைய ஊரில் பெரும்பாலும் கற்பனையே. மண்டலம் உண்மையில் வேலை செய்வது வேறு இரண்டு சட்டங்களின் வழியே. ஒன்று, 2008ஆம் ஆண்டின் நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டம்; தாழ்ந்த வயற்பகுதியில் புதிய விடுதி எழும்புவதைத் தடுப்பது இதுவே, அது நியாயமும்கூட. மற்றொன்று, பூவாறு, பொழியூர்க் கடற்கரையில் பொருந்தும் கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கை.

மண்டலச் சட்டத்தின் வரலாற்றில் ஒரு கசப்பான கிளை உண்டு. அது நிலத்தைப் பிரிக்கத் தொடங்கி மனிதரைப் பிரிப்பதில் முடிந்தது. அமெரிக்காவின் பெல் டெர் என்னும் சிற்றூர், உறவினர் அல்லாத இருவருக்கு மேல் ஒரு வீட்டில் வாழக்கூடாது என்று விதித்தது. 1974இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. பின்னர் காற்று திரும்பியது. வாஷிங்டன் மாநிலம் 2024இல் இயற்றிய சட்டம், ஆறு அல்லது அதற்கு மேற்பட்ட குடியிருப்புகள் கட்ட அனுமதியுள்ள மனைகளிலெல்லாம் கூட்டு உறைவிடத்தையும் அனுமதிக்க வேண்டும் என்றும், படுக்கையறை நான்குக்கு ஒரு வாகன நிறுத்தத்துக்கு மேல் கேட்கக்கூடாது என்றும் நகரங்களைக் கட்டுப்படுத்துகிறது. சொந்தமாகச் சைக்கிள்கூட இல்லாத தொழிலாளருக்கு வீடு கொடுப்பவரிடம் கார் நிறுத்த இடம் கேட்கும் விதி உலகின் எந்த மூலையிலும் ஒரே அளவு பொருந்தாதது. இங்கும் ஊர்க் கூட்டங்களில் வெளியாட்களுக்கு வீடு கொடுக்கக்கூடாது என்ற குரல் அவ்வப்போது எழுகிறது. பெல் டெர் நகரசபையின் குரலுக்கும் அதற்கும் மொழி ஒன்றே வேறுபாடு. கட்டடத்தின் ஆபத்தைக் காரணம் காட்டி ஒரு வீட்டைத் தடுக்க ஊராட்சிக்கு உரிமை உண்டு. குடியிருப்பவரின் பிறப்பைக் காரணம் காட்டித் தடுக்க அரசமைப்பு இடம் தரவில்லை.

ஓட்டலையும் உறைவிடத்தையும் பிரிக்கும் கோட்டைக் காலத்தால் வரைவது, இடத்தால் வரைவதை விட எளிது. சென்னை உயர் நீதிமன்றம் 2024 மார்ச்சில், மகளிர் விடுதிகள் குடியிருப்பே, அவற்றின் மீது சரக்கு, சேவை வரி பொருந்தாது என்று தீர்ப்பளித்தது. அவ்வாண்டு ஜூனில் கூடிய சரக்கு, சேவை வரி மன்றம், ஒருவருக்கு மாதம் 20,000 ரூபாய்க்கு மிகாமல், தொடர்ந்து 90 நாளேனும் தங்குவதற்கு வரி விலக்கு என்று பரிந்துரைத்தது. சிங்கப்பூரிலும் தனியார் வீட்டை வாடகைக்கு விட வேண்டுமானால் மூன்று மாதமாவது விட வேண்டும். வரிக்கும் குடியிருப்புக்கும் ஒரே தொண்ணூறு நாள் பொருந்துமானால், கட்டட விதியும் அதை எடுத்துக்கொள்வதில் தடை என்ன? மூன்று மாதத்துக்கு மேல் தங்குபவர்களைக் கொண்ட சிறு வீட்டை ஏ-2இலிருந்து பிரித்து, ஏ-1இன் கீழ் ஓர் உட்பிரிவாக வைத்தால் அணுகுசாலை, வாகன நிறுத்தம் என்னும் முட்டுக்கட்டைகள் அகலும். கழிப்பறை, தீப்பாதுகாப்பு ஆகியவற்றை அந்த உட்பிரிவிலேயே எழுதிவிடலாம்.

சிங்கப்பூரின் பாடம் தமிழருக்கு நெருக்கமானது; அங்குள்ள தொழிலாளர் விடுதிகளில் தமிழகத்து மாவட்டங்களிலிருந்து போனவர்கள் ஏராளம். 2015ஆம் ஆண்டின் வெளிநாட்டுப் பணியாளர் விடுதிச் சட்டம் ஆயிரம் படுக்கைகளும் அதற்கு மேலும் உள்ள விடுதிகளுக்கு மட்டுமே பொருந்தியது. 2020இல் கொரோனா அந்த விடுதிகளைச் சூறையாடிய பிறகு, 2023 ஏப்ரல் முதல் ஏழு படுக்கைகள் உள்ள இடம் வரை சட்டம் இறக்கப்பட்டு, படுக்கை எண்ணிக்கைக்கேற்ப நான்கு தரங்களாகக் கட்டுப்பாடு பிரிக்கப்பட்டது. இங்கிலாந்தில் உரிமத்தின் வாசல் ஐந்து பேர். வாசலை எந்த எண்ணில் வைப்பது என்பதில் அறிஞர் வேறுபடலாம். ஆனால் வாசல் கட்டடத்தில் இல்லாமல் தலைகளின் எண்ணிக்கையில் இருக்க வேண்டும் என்பதிலும், சிறியதற்கும் பெரியதற்கும் ஒரே சுமை கூடாது என்பதிலும் இரு நாடுகளும் ஒன்றுபடுகின்றன.

கேரளம் இதுவரை பதிவுசெய்ய முனைந்தது வீட்டை அன்று, ஆளை. 2023 ஜூலையில் ஆலுவாவில் ஒரு சிறுமி கொல்லப்பட்ட பின், அடுத்த மாதமே விருந்தினர் தொழிலாளர் அனைவரையும் பதிவுசெய்யும் அதிதி இணையதளம் தொடங்கப்பட்டது. காவல் நிலையமும் வாடகைதாரரின் ஆதார் நகலைக் கேட்கிறது. ஆனால் தொழிலாளர் மாதந்தோறும் இடம் மாறுகிறார். அவரைத் துரத்தித் துரத்திப் பதிவுசெய்வது ஓயாத வேலை. வீடு நகர்வதில்லை. வாடகை வாங்குபவருக்கு நிலப்பட்டா, வரி ரசீது, கைப்பேசி எண் எல்லாம் ஊராட்சியிடம் ஏற்கெனவே இருக்கின்றன. பொறுப்பைச் சுமத்த எளிதானவரை விட்டுவிட்டுச் சுமக்க இயலாதவர் மீது சுமத்தியதே பதிவுகள் காலாவதியாகிக் கிடப்பதன் காரணம்.

இவற்றைக் கொண்டு பாறசாலை போன்ற ஊராட்சி ஒன்று, மாநில விதி மாறும் வரை காத்திராமல், தன் துணைவிதி அதிகாரத்துக்குள்ளேயே செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஐந்து பேருக்கு மேல் உறவினர் அல்லாதவர் தங்கும் எந்த வீடும் ஆண்டுக்கொரு முறை ஊராட்சியில் பதிவுசெய்யப்பட வேண்டும்; அந்தப் பதிவு கட்டட வகையைக் காரணம் காட்டி மறுக்கப்படக் கூடாது; கட்டணம் பெயருக்கு மட்டும் இருக்க வேண்டும். அனுமதி என்பது அலுவலகம் கொடுக்கலாம், மறுக்கலாம் என்னும் கொடை. பதிவு என்பது உரிமையாளர் தெரிவித்தே ஆகவேண்டிய செய்தி. சிறு வீடுகளுக்குப் பின்னதே பொருத்தம். பதிவான வீட்டுக்குச் சுகாதார ஆய்வாளர் ஆண்டில் இருமுறை வருவார். முன்னர்ச் சொன்ன கழிப்பறை, தொட்டி, எரிவாயு, கதவு ஆகியவற்றை மட்டும் பார்த்துக் குறைதீர்க்கக் கெடு கொடுப்பார். எந்த வீட்டில் எத்தனை பேர் என்பதை அறிய ஊராட்சிக்குப் புதிய ஆட்கள் வேண்டியதில்லை. மாதந்தோறும் வீடுவீடாகப் பிளாஸ்டிக் கழிவு திரட்டும் ஹரித கர்ம சேனைப் பெண்களுக்கு எந்த வாசலில் எத்தனை சோடிச் செருப்பு கிடக்கிறது என்பது தெரியும். அவர்களை ஒற்றர்களாக்குவது வேறு, ஒரு வீட்டைக் குடும்பமாகக் கணக்கிட்டுக் கட்டணம் வாங்குவதா விடுதியாகக் கணக்கிடுவதா என்று அவர்களே குறித்துக்கொள்ள ஒரு கட்டம் கொடுப்பது வேறு. வாசலில் தொங்கும் பதிவுச் சீட்டில் படுக்கை எண்ணிக்கையும் முறையிடவேண்டிய எண்ணும் மலையாளத்தோடு தமிழிலும் இந்தியிலும் வங்காளத்திலும் இருக்கலாம். தமிழ்ச் சிறுபான்மையினர் தம் மொழியில் அரசோடு தொடர்புகொள்ளும் உரிமையைக் கேரள ஆட்சிமொழிச் சட்டம் 1969லேயே ஒப்புக்கொண்டிருக்கிறது.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. பதிவு செய்தால் நாளை வரி உயரும், மறுநாள் ஏ-2 என்று நோட்டீஸ் வரும் என்று உரிமையாளர் அஞ்சுவார். அந்த அச்சம் ஆதாரமற்றதன்று. ஆகையால் பதிவான வீட்டின் சொத்துவரி வகை ஐந்தாண்டுக்கு மாறாது என்னும் உறுதி துணைவிதியிலேயே வேண்டும். மின்கட்டணம் ஊராட்சியின் கையில் இல்லை. அதற்கு மின்சார ஒழுங்குமுறை ஆணையத்திடம் மாநில அரசு பேச வேண்டியிருக்கும். தமிழ்நாட்டுப் பக்கத்திலும் களியக்காவிளை, பளுகல் பேரூராட்சிகளும் கொல்லங்கோடு நகராட்சியும் இதே எண்ணிக்கையை வாசலாக எடுத்துக்கொள்ளாவிட்டால், இங்கே பதிவு தொடங்கிய மாதத்திலேயே கட்டில்கள் எல்லை தாண்டி நகரும். ஒரு கிலோமீட்டர்கூடத் தேவைப்படாது. நோய்த்தடுப்பிலும் மதுவிலக்கிலும் இரு மாவட்ட ஆட்சியர்கள் கூடிப் பேசும் வழக்கம் உண்டு; அந்தக் கூட்டத்தின் நிகழ்ச்சிநிரலில் இதையும் சேர்க்கத் தனிச்சட்டம் வேண்டியதில்லை.

எஞ்சியிருப்பது மூடுதல் பற்றிய கேள்வி. எந்த ஒழுங்குமுறையிலும் இறுதி ஆயுதம் இடத்தைப் பூட்டி முத்திரையிடுவது. ஓட்டலிலோ கடையிலோ அது உரிமையாளரைத் தண்டிக்கும். கூட்டு உறைவிடத்தில் அது முதலில் தண்டிப்பது அன்றிரவு அங்கே படுக்க வேண்டியவர்களை, முன்பணமும் திரும்பக் கிடைக்காமல். எனவே பாறசாலை வட்டார ஊராட்சி அளவில் ஐம்பது பேரேனும் ஒரு வாரம் தங்கக்கூடிய இடம் ஒன்றை முன்கூட்டியே குறித்து வைக்காத வரை, அதன்கீழ் உள்ள எந்த ஊராட்சிச் செயலரும் உடனடி உயிராபத்து இருந்தாலொழியப் பூட்டும் ஆணையில் கையெழுத்திடக் கூடாது என்று துணைவிதி சொல்ல வேண்டும். பூட்டிய நாளிலிருந்து ஏழு நாளுக்குள் முன்பணத்தைத் திருப்பித் தருவது, அந்த வீட்டுக்கு மறுபதிவு கிடைப்பதற்கான முதல் நிபந்தனையாக இருக்க வேண்டும்.